எடுக்காத குடும்பப் படம்

ஜொன்ஜு,
மார்ச் 4

நாரே அப்பாவுக்கு,

உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்து எட்டு வருடம் ஆகிறது. அதை எடுத்துவிடும் உத்தேசம் எனக்கு இல்லை. நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். விலாசம் நம் மகள் கொடுத்தாள்.

நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். கடல் காற்று, வேளா வேளைக்குச் சோறு, குறை சொல்ல நாலு ஆள், இதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும். இங்கே நாங்களும் நலம். ஸ்டுடியோ நன்றாக ஓடுகிறது. வேலை மனுவில் ஒட்டப் படம் எடுத்துக்கொள்ளப் பிள்ளைகள் காலையிலிருந்தே வரிசையில் நிற்கிறார்கள். எதிரே இருந்த சலவைக் கடை காப்பிக் கடையாகிவிட்டது. அது நம் தெருவில் நான்காவது காப்பிக் கடை. யார்தான் இத்தனை காப்பி குடிக்கிறார்களோ தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மே பத்தாம் தேதி நாரேவுக்குக் கல்யாணம் என்று அவளே சொல்லியிருப்பாள். மாப்பிள்ளை கிஹோன் தண்ணீர் வாரியத்தில் வேலை பார்க்கிறான். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான், எனக்குப் பிடித்திருக்கிறது. மண்டபத்தில் சடங்கு தொடங்குமுன் பெண், பிள்ளையின் சின்ன வயதுப் படங்களைத் திரையில் ஓட்டி, கடைசியில் இரண்டு வீட்டாரின் குடும்பப் படத்தையும் காட்டுவார்கள் இல்லையா? எத்தனை கல்யாணத்துக்கு நாமே அதைச் செய்து கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேரும் பாரம்பரிய ஹன்போக் பட்டுடை உடுத்தி நிற்கிற படம் ஒன்றை அனுப்பிவிட்டார்கள். நம் வீட்டில் பெட்டி பெட்டியாகத் தேடினேன். இத்தனை வருடம் ஸ்டுடியோ நடத்திய வீட்டில் மூன்று பேரும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் நானும் நாரேவும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம், நீங்கள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். ஒன்றில் மட்டும் உங்கள் நிழல் தரையில் விழுந்திருக்கிறது. அந்த நிழலைத் திரையில் போட்டு இவர்தான் பெண்ணின் அப்பா என்று சொல்ல முடியாது.

அதனால் உங்கள் முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு படம் வேண்டும். யாரையாவது போனில் எடுக்கச் சொல்லி நாரேவுக்கு அனுப்புங்கள். மிச்சத்தை நான் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு முன்னால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு இரண்டு நாற்காலி போடுவார்கள். ஒன்று காலியாகக் கிடந்தால் நன்றாக இருக்காது என்று என் தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். "இப்பதான் வாடகைக்கு அப்பா கிடைக்கறாங்களேக்கா. சூட்டு போட்டுக்கிட்டு வந்து உக்காந்து, வேணும்னா ரெண்டு சொட்டுக் கண்ணீரும் விடுவாங்களாம்" என்றாள். நாரே அதற்குச் சிரிக்கவில்லை. "அப்பா வந்தா அவர் கையப் புடிச்சு மேடைக்கு நடப்பேன். வரலைன்னா தனியா நடப்பேன். வேற யாரும் வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் உங்களைக் கூப்பிடவில்லை. படம்தான் கேட்கிறேன்.

உன்சில்


சோவான் தீவு,
மார்ச் 15

நாரே அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படம் அனுப்பியாயிற்று. நான் வேலை பார்க்கிற பாசிப் பண்ணைக்காரர் கூ அண்ணனின் மனைவி படகில் வைத்து எடுத்தார். தொப்பியைக் கழற்று என்றார், கழற்றினேன். சிரி என்றார். அது என்னால் ஆகவில்லை.

மே மாதம் இங்கே கடற்பாசி அறுக்கிற காலம். விடியற்காலை அறுத்ததை அன்றைக்கே வெயிலில் விரித்து அன்றைக்கே எடுத்தாக வேண்டும். ஒரு மழை பட்டாலும் அவ்வளவும் பாழ். ஆள் பற்றாமல் பள்ளிக்கூட வாத்தியாரைக்கூட இழுத்துக்கொண்டு வருவார்கள். அதனால் நான் வருவது கஷ்டம். இதை நாரேவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ சொல்லிவிடு.

படத்தை உன் இஷ்டப்படி செய்துகொள். முகத்தில் இருப்பதைத் துடைத்து எடுப்பதில் நீ கெட்டிக்காரி ஆயிற்றே. மகளுக்கு அடையாளம் தெரிகிற அளவுக்காவது மிச்சம் வை.

சூப்புக்குப் பாசி ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

ஜோங்மான்


ஜொன்ஜு,
மார்ச் 28

நாரே அப்பாவுக்கு,

பாசி வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் உங்களுக்குத் தலைகால் புரியாது. இருந்தாலும் நன்றாக இருக்கிறது.

வர முடியாது என்பதை நாரேவிடம் நான் சொல்ல மாட்டேன். உங்கள் மகள், உங்கள் வாய், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

துடைத்து எடுப்பவள் என்று இன்னும் சொல்கிறீர்களே. அந்தச் சொல்லை வைத்துத்தானே வீட்டை விட்டுப் போனீர்கள். கன்னத்தில் சிவப்பு மச்சத்தோடு வந்த அந்தப் பெண்ணை நான் மறக்கவில்லை. வேலைக்கு மனுப் போட வேண்டும், மச்சம் தெரியாமல் செய்து கொடுங்கள் என்று என்னிடம்தான் கேட்டாள். நீங்கள் குறுக்கே புகுந்து, "உன் மூஞ்சிய நீயே ஒத்துக்கலைன்னா வேல குடுக்கறவன் எப்படிம்மா ஒத்துப்பான்" என்றீர்கள். அவள் படமே வேண்டாம் என்று எழுந்து போனாள். அந்த முகத்தோடு தெருவில் நடப்பது அவள்தானே, நீங்கள் இல்லையே என்றேன். ஆளை அழித்துப் பிழைக்கிறாய் என்றீர்கள். அப்படியென்றால் மனுஷ முகமே இல்லாத இடமாகப் பார்த்துப் போங்கள் என்றேன். நீங்கள் நிஜமாகவே போய்விட்டீர்கள்.

ஆனால் ஒன்று. மச்சத்தை எடுப்பது சரியா தப்பா என்பதை விடுங்கள், அப்போது நான் செய்துகொண்டிருந்த வேலை அழகாக இல்லை. எல்லா முகத்தையும் வழவழவென்று மாவு பூசிய மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தேன். பத்து பேர் படத்தை வரிசையாக வைத்தால் ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். உங்களுக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இப்போது வேலையே வேறு. ஏஐ மென்பொருள் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவே இல்லை. முகத்தைக் காட்டியதும் தோல் எது, முடி எது, விழுந்த வெளிச்சம் எது என்று அதுவே பிரித்துக்கொள்கிறது. நாலு நாளில் தானே போய்விடுகிற பரு, தடிப்பு, தூக்கம் கெட்ட கருவளையம் இவற்றை மட்டும் எடு, கூடவே வாழ்கிற மச்சத்தையும் தழும்பையும் சுருக்கத்தையும் தொடாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். சொன்னபடி கேட்கிறது. தோலின் துளைகள்கூட அப்படியே இருக்கின்றன. திருத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திரையில் தள்ளுகிற ஒரு குமிழ் இருக்கிறது, நான் அதைக் கால்வாசிக்கு மேல் தள்ளுவதே இல்லை. வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் செய்கிறேன். அவர்கள் கேட்டால் தவிர மச்சத்தில் கை வைப்பதில்லை. தாடையை இன்னும் சின்னதாக்குங்கள் என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆக்கிக் காட்டுவேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அவர்களே பழையபடி வையுங்கள் என்பார்கள்.

போன வாரம் ஒரு அம்மா வந்தாள். பிள்ளை வளர்க்கப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடுகிறாள். திரையில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன மாதிரியேதான் இருக்கு. நல்லாத் தூங்கி எழுந்த என்ன மாதிரி" என்றாள். இதைவிட ஒரு பாராட்டு எனக்கு வேண்டாம்.

உங்கள் படம் வந்து சேரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் பழைய ஓட்டுநர் உரிமப் படத்தை எடுத்து, எட்டு வயது கூட்டு என்று மென்பொருளிடம் சொன்னேன். கன்னம் தொங்கி, நெற்றியில் கோபக் கோடு விழுந்து, வாய் இரண்டு பக்கமும் கீழே இறங்கிய ஒரு கிழவரைக் காட்டியது. எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு படகுப் படம் வந்தது. இளைத்திருக்கிறீர்கள். கறுத்திருக்கிறீர்கள். கோடெல்லாம் நெற்றியில் இல்லை, கண்ணோரத்தில் இருக்கிறது. எட்டு வருடத்தில் நீங்கள் கோபப்பட்டதைவிட வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியதுதான் அதிகம் போலிருக்கிறது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

குடும்பப் படத்தை முடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். குறை சொல்ல ஏதாவது அகப்படுகிறதா என்று தேடிக்கொள்ளுங்கள்.

உன்சில்


சோவான் தீவு,
ஏப்ரல் 8

நாரே அம்மாவுக்கு,

குறை தேடினேன். மறைத்துப் பேச ஒன்றுமில்லை, அண்ணனின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு தேடினேன்.

என் தலைக்கும் பின்னாலிருக்கிற திரைக்கும் நடுவே ஒட்டுப் போட்ட விளிம்பு இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. வெளிச்சத்தில் மாட்டிக்கொள்வாய் என்று நினைத்தேன். படகில் எனக்கு இடது பக்கத்திலிருந்து வெயில். நீயும் நாரேவும் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டவர்கள். உங்கள் இருவருக்கும் அதே இடது பக்கத்திலிருந்து, அதே உயரத்திலிருந்து விளக்கு வைத்திருக்கிறாய். மூன்று பேர் கண்ணிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் நிற்கிறது. என் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறதோ நாரேவின் மூக்கு நிழலும் அந்தப் பக்கம்தான். இது மென்பொருள் மட்டும் செய்கிற காரியம் இல்லை. வேலை தெரிந்த கை பக்கத்தில் இருந்திருக்கிறது. நன்றாகச் செய்திருக்கிறாய், உன்சில். ரொம்ப நன்றாக. இதை நான் உன்னிடம் முன்பே ஒருநாள் சொல்லியிருக்க வேண்டும்.

கூ அண்ணனும் அண்ணியும் பார்த்தார்கள். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "யோவ், உனக்குக் குடும்பம் இருக்கா? இத்தன வருசமா பாசிக்கு நடுவுல முளைச்சவன்னு நெனச்சேன்" என்றார். அண்ணன், "இது எந்த வருசம் எடுத்ததுப்பா" என்று கேட்டார். எடுக்கவே இல்லை அண்ணே என்றேன். நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். எனக்கே ஒரு நிமிடம் அந்த நாள் ஞாபகம் வருகிற மாதிரி இருந்தது. சூட் போட்டு, உன் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் நாரே நின்று, எங்கேயோ நடந்த மாதிரி இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். படத்தில் உன் கை என் தோளில் இருக்கிறது. அது நீ வைத்ததா, மென்பொருள் வைத்ததா?

இனி நிஜத்தைச் சொல்கிறேன். பாசி அறுவடை ஒரு சாக்கு. ஒரு நாள் போய் வா என்று அண்ணன் அப்போதே சொல்லிவிட்டார். முன்பு எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது பயமாகவும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் திரையில் இந்தப் படத்தைப் பார்ப்பார்கள். எவ்வளவு கண்ணியமான மனிதர் என்று நினைப்பார்கள். அதற்குப் பிறகு மீன் வாடையோடு, வெடித்த கையோடு நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நாரேவுக்குத்தான் தலைகுனிவு. படத்தில் இருப்பவன் அந்த இடத்துக்குத் தகுந்தவன். பஸ் ஏறி வருகிறவன் அப்படி இல்லை. அவனே அங்கே இருக்கட்டும்.

ஜோங்மான்


ஜொன்ஜு,
ஏப்ரல் 16

நாரே அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். அப்புறம் கோபம் வந்தது, அதனால் உடனே எழுதுகிறேன்.

இத்துடன் இரண்டு படம் இருக்கிறது. ஒன்று படகில் எடுத்தது, கை படாதது. இன்னொன்று குடும்பப் படத்திலிருந்து உங்கள் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியது. பூதக்கண்ணாடியை மறுபடி இரவல் வாங்குங்கள். நான் என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொல்கிறேன். படகை எடுத்தேன். மழைச் சட்டைக்குப் பதில் சூட் போட்டுவிட்டேன். தொப்பி அமுக்கிய முடியைக் கொஞ்சம் எழுப்பினேன். உங்கள் காதோரம் ஒரு துண்டுப் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது, மென்பொருள் அதையும் முடி என்று நினைத்து அழகாகச் சீவிவிட்டிருந்தது, அதைப் பிடுங்கிப் போட்டேன். கீழ் உதட்டில் வெடிப்பு, உப்புத் தண்ணீரில் சிவந்த கண், இரண்டையும் ஆற்றினேன். ஒரு வாரம் வீட்டில் இருந்தால் தானே ஆறிவிடுகிறவை அவை. அவ்வளவுதான். கண்ணோரக் கோடு உங்களுடையது. நரை உங்களுடையது. கறுப்பும் உங்களுடையது. சிரிக்காத அந்த வாயும் உங்களுடையதுதான், அதை இரண்டு இழை மேலே தூக்கிப் பார்த்தேன், யாரோ மாதிரி இருந்தீர்கள், திரும்ப இறக்கிவிட்டேன்.

அந்த நாற்காலிக்குத் தகுந்தவன் படத்தில் இருக்கிறான், நான் இல்லை என்கிறீர்களே. படத்தில் இருக்கிற ஆளை நான் எங்கிருந்து கொண்டு வந்தேன் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் நிதானமாகக் கண்ணாடி பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். நான் உங்கள் முகத்தை மூன்று நாள் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முடியாக. எனக்குத் தெரியும்.

நாரே வந்தது பற்றியும் சொல்ல வேண்டும். படத்தை முடித்து அவளைக் கூப்பிட்டேன். திரைக்கு முன்னால் வந்து நின்றவள், "அம்மா, இது எப்ப எடுத்தது? நான் எங்க இருந்தேன்?" என்றாள். நீதான் நடுவில் நிற்கிறாயடி என்றேன். அப்போதுதான் படத்தில் தான் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்து, அன்றைக்கு இங்கே எடுத்தது என்று சுதாரித்துக்கொண்டாள். "அப்பா எளச்சுட்டாரு" என்றாள். அதற்குப் பிறகு என் மேஜையில் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டி காலி. இப்போது போனைத் திறந்தால் அந்தப் படம்தான். அவள் அதை மாமியாருக்கும் அனுப்பிவிட்டாள்.

கை என்னுடையது. நானும் நாரேவும் படம் எடுத்துக்கொண்டபோது உங்களுக்காக ஒரு முக்காலியைப் பக்கத்தில் போட்டோம். "அப்பா தோளு இந்த உசரத்துக்கு வரும்" என்று நாரே தன் குளிர்கோட்டைச் சுருட்டி ஒரு கம்பத்தில் கட்டி நிறுத்தினாள். நான் அதன்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெறும் கோட்டின்மேல் கை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கைக்குக் கீழே கோட்டை எடுத்துவிட்டு உங்களை வைத்ததுதான் மென்பொருள் செய்த வேலை.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். இந்தத் தடவை நான் போங்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள் என்று சொல்கிறேன். நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விட மாட்டேன்.

உன்சில்


சோவான் தீவு,
மே 5

நாரே அம்மாவுக்கு,

கூ அண்ணனின் சூட் எனக்குத் தோளில் சரியாக இருக்கிறது, கைப்பகுதி மட்டும் ஒரு விரல் நீளம் அதிகம். அண்ணி உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தார். வாடை போக அதை மூன்று நாளாகக் கொடியில் காயப் போட்டிருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்கள். என் மகளுக்கு என்று சொன்னேன்.

ஒன்பதாம் தேதி முதல் படகு. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அப்படி ஆனால் அண்ணன் தன் படகில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜோங்மான்


ஜொன்ஜு,
மே 21

நாரே அப்பாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா, மழைக்கு முன் பாசியை எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை எழுத உங்களுக்குத் தோன்றவில்லை. விருந்துச் சாப்பாட்டை முழுசாக முடிக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினீர்கள். சம்பந்தியம்மா என்னிடம் வந்து, "ஏன் அதுக்குள்ள கெளம்பிட்டாரு, நாங்க ஏதாவது தப்பாப் பேசிட்டமா" என்று கேட்டாள். பாசிக்கும் மழைக்கும் உள்ள உறவை அவளுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

ஆனால் அவள் வேறொன்றும் சொன்னாள். "படத்துல பாத்த அதே ஆளு. அதப் பாத்துப் பாத்து, நேர்ல வந்தப்ப எனக்கு ரொம்ப நாள் பழகின மொகமா இருந்துச்சு" என்றாள். நீங்கள் பயந்தீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

நாரே உங்கள் கையைப் பிடித்து நடந்து வந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்கள், எனக்குக் கண்ணும் கலங்கிவிட்டது. நீங்கள் வேகமாக நடந்தீர்கள், அவள் உங்களைப் பிடித்து இழுத்து நிறுத்தி நிறுத்தி நடந்தாள் என்று தங்கை சொன்னாள். அப்புறம் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது சூட்டின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தீர்கள். அது எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு தொல்லை. மண்டபத்துப் போட்டோக்காரர் படங்களை அனுப்பியிருக்கிறார். தனித்தனிப் படங்கள் குறை சொல்ல இல்லை. இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கிற படத்தை மட்டும் அந்த மனிதர் நாலைந்து தடவைதான் தட்டியிருக்கிறார். ஒன்றில் சம்பந்தி தும்முகிறார். ஒன்றில் மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் யாரையோ அதட்டுகிறாள். மற்ற எல்லாரும் சரியாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். ஊரில் உள்ளவர்களையெல்லாம் கண் சிமிட்டாதே, கண் சிமிட்டாதே என்று மிரட்டிய மனிதருக்கு இது நடக்கிறது.

மென்பொருளால் கண்ணைத் திறக்க முடியும். நீங்கள் கண் திறந்திருக்கிற வேறு படத்திலிருந்து எடுத்து, இந்தப் படத்து வெளிச்சத்துக்குப் பொருத்தி வைத்துவிடும். இரண்டு நிமிட வேலை, யாருக்கும் தெரியாது. ஆனால் உங்களைக் கேட்காமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடியபடியே இருக்கட்டும் என்றால் அப்படியே விட்டுவிடுகிறேன். திறக்கச் சொன்னால் பார்வை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளலாம். வழக்கமாகக் கேமராவைப் பார்க்கிற மாதிரி வைப்பேன்.

உடனே எழுதுங்கள். நாரே ஆல்பத்துக்கு அவசரப்படுத்துகிறாள்.

உன்சில்


சோவான் தீவு,
ஜூன் 2

நாரே அம்மாவுக்கு,

பாசியை மழைக்கு முன் எடுத்துவிட்டோம். உடனே எழுதாதது தப்புதான்.

நான் கண் சிமிட்டவில்லை. நானாகத்தான் மூடிக்கொண்டேன். அந்தப் போட்டோக்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தபோது நீ என் பக்கம் திரும்பி, கேட்காமல் கொள்ளாமல் என் டையை இழுத்து நேராக்கினாய். நான் கடையைத் திறக்கப் போகும்போதெல்லாம் செய்வாயே, அப்படி. "நில்லுங்க, ஆடாதீங்க" என்றாய். நீ திரும்பி நின்றதும் கண்ணில் நிறைந்துவிட்டது. திறந்து வைத்திருந்தால் எல்லார் முன்னாலும் வழிந்திருக்கும். மூடிக்கொண்டேன்.

படங்களில் பொய் கலக்கிறாய் என்று உன்னோடு சண்டை போட்டவன் நான். இப்போது நானே கேட்கிறேன், கண்ணைத் திறந்துவிடு. மூடியது வீம்பு. அன்றைக்கு எனக்குப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது.

கேமராவை நான் ஆயுள் முழுக்கப் பார்த்தாயிற்று. பார்வையை உன் பக்கம் வை.

ஜோங்மான்


ஜொன்ஜு,
ஜூன் 11

நாரே அப்பாவுக்கு,

திறந்தாயிற்று.

நான் எழுதியபடி இரண்டு நிமிட வேலையாக இல்லை. படகுப் படத்திலிருந்து கண்ணை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதில் நீங்கள் கூ அண்ணியை முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள், கல்யாணப் படத்தில் என்னை முறைப்பது போல ஆகிவிட்டது. மென்பொருளையே ஒரு பார்வை உண்டாக்கித் தரச் சொன்னேன். கண் அழகாக இருந்தது, நீங்கள் இல்லை. அன்றைக்கு யாராவது உங்களை வேறு கோணத்தில் எடுத்தார்களா என்று நாரேவிடம் கேட்டேன். அவள் சிநேகிதி சாப்பாட்டு மேஜைகளைச் சுற்றி வந்து போனில் ஒரு வீடியோ எடுத்திருக்கிறாள். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான் தங்கையோடு பேசிக்கொண்டே உங்கள் கிண்ணத்தில் எலும்பு எடுத்த இறைச்சியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நீங்கள் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வீடியோவில் நான் வருகிற நேரம் முழுக்க நீங்கள் அப்படித்தான் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் கண்ணை எடுத்து வைத்தேன். பொருந்திவிட்டது. நான் எதையும் திருத்தவில்லை, இருந்ததை இடம் மாற்றி வைத்தேன்.

ஆல்பத்துக்கு ஒரு பிரதி போயிற்று. இன்னொன்றைப் பெரிதாகப் போட்டு, சட்டம் கட்டி, ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும், "இவரு மட்டும் ஏன் வேற பக்கம் பாக்கறாரு, சரி பண்ணலியா" என்று கேட்கிறார்கள். சரி பண்ணித்தான் இப்படி என்று சொல்கிறேன்.

உங்களுக்குத் தபாலில் அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு விடுமுறை, வாடிக்கையாளர் யாரும் இருக்க மாட்டார்கள். அன்றைக்கு வாருங்கள், மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு.

உன்சில்